எரிந்துபோன கார் பல்பு: மாற்றும் முறையும் கவனிக்க வேண்டியவையும்

இருவழிச் சாலையில் இரவு நேரத்தில் ஒரே ஒரு முகப்பு விளக்குடன் வரும் காரை, எதிரே வருபவர் இருசக்கர வாகனம் என்றே கருத நேரும். அணைந்திருப்பது வலப்புற விளக்கு என்றால் ஆபத்து அதிகம். காரின் இருளடைந்த பாதி சாலையின் நடுக்கோட்டை ஒட்டி வருகிறது. சூரியன் மறைந்த அரை மணி நேரத்திலிருந்து, உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பு வரை வாகன விளக்குகள் எரிய வேண்டும் என மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 கூறுகின்றன.

இந்தியச் சாலைகளில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றின் முகப்பு விளக்கில் இருப்பது எச்4 வகை ஹாலஜன் பல்பு. 12 வோல்ட்டில் இயங்கும் இதில் இரு டங்ஸ்டன் இழைகள் உள்ளன: ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55 வாட். லோ பீம் இழையின் கீழே உள்ள சிறிய உலோகக் கிண்ணம், எதிரே வருபவரின் கண் கூசாதபடி ஒளியைத் தாழ்த்துகிறது. எனவே பல்பு சற்றே கோணலாகப் பொருந்தினாலும் ஒளிக்கற்றை திசைமாறிவிடும்.

மாற்றுவதற்கு முன் விளக்கையும் எஞ்சினையும் அணைத்து, பல்பு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பானட்டைத் திறந்து, விளக்கின் பின்புறமுள்ள மூன்று முனை இணைப்பைக் கழற்றி, ரப்பர் மூடியை நீக்கி, கம்பிக் கிளிப்பை விடுவித்தால் பல்பு வெளியே வரும். புதிய பல்பை உலோக அடிப்பகுதியில் மட்டுமே பிடிக்க வேண்டும். குவார்ட்ஸ் கண்ணாடியில் விரலின் எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் அவ்விடம் மிகையாகச் சூடேறி, பல்பு விரைவில் பழுதாகும். தவறித் தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்கலாம். ரப்பர் மூடியைச் சரியாகப் பொருத்தாமல் விடுவது பலரும் செய்யும் பிழை. மழைக்காலத்தில் விளக்கினுள் நீர் கோத்துக்கொள்வதற்கு அதுவே போதும்.

உதிரிபாகக் கடைகளில் 100/90 வாட் பல்புகளும் கிடைக்கின்றன. கூடுதல் வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டு இவற்றைப் பொருத்தினால், கம்பிகள் தாங்காமல் ஹோல்டர் உருகக்கூடும். இழை பல்புக்கென வடிவமைத்த விளக்கில் எல்.இ.டி. பல்பைச் செருகினால், ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யக்கூடும். பழைய பல்பின் அடியில் பொறித்துள்ள வகையையும் வாட் அளவையும் அப்படியே கேட்டு வாங்குவதே சரி. ஒருபுறம் எரிந்துபோனால் மறுபுறமும் ஏறக்குறைய அதே வயதில் இருக்கும் என்பதால், இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

பின்புற பல்புகளை மாற்றுவது இதைவிட எளிது. பலவற்றை அழுத்தி இடப்புறம் திருப்பினாலே கழன்றுவிடும். பிரேக் விளக்கும் பின்விளக்கும் ஒரே பல்பில் இருந்தால் அதில் 21 வாட், 5 வாட் என இரு இழைகள் இருக்கும். பக்கவாட்டு முளைகள் வெவ்வேறு உயரத்தில் இருப்பதால் தலைகீழாகப் பொருந்தாது. பிரேக் விளக்கு அணைந்திருப்பதை ஓட்டுநர் இருக்கையிலிருந்து அறிய இயலாது. இரவில் சுவரருகே காரைப் பின்னோக்கி நிறுத்தி பிரேக்கை அழுத்தினால், சுவரில் சிவப்பொளி விழுகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாகத் துடித்தால், அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு போய்விட்டது என்று பெரும்பாலும் பொருள்.

புதிய பல்பும் எரியாவிட்டால் முதலில் ஃபியூஸைச் சோதிக்க வேண்டும். அடிக்கடி பல்பு எரிந்துபோகும் காரில் மின்னழுத்தத்தை அளப்பது அவசியம். எஞ்சின் ஓடும்போது அது 15 வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு பல்பில் இல்லை, ஆல்டர்னேட்டரில்தான். செனான் விளக்குகள் பல ஆயிரம் வோல்ட்டில் ஒளியேற்றப்படுவதால் அவற்றை மெக்கானிக்கிடமே விட வேண்டும்.