தட்டும் கேமராவும்

"தட்டு எறிவதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்று சிரிக்க வேண்டாம், நண்பர்களே. அமெரிக்காவில் எட் ஹெட்ரிக் சங்கிலி தொங்கும் கூடையை வடிவமைத்து, 1976-இல் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தையும் தொடங்கினார். ரொம்ப காலம், நல்ல எறிதலுக்குச் சாட்சி கூட நின்ற நாலு பேர்தான். பிறகு ஆர்வலர்கள் கேமராவுடன் முன்னணிக் குழுவின் பின்னாலேயே நடந்தார்கள்.

2021, யூட்டா மாநிலத்தில் உலகப் போட்டி. கடைசிக் கூடையில் ஓர் எறிதல் பின்தங்கியிருந்த ஜேம்ஸ் கான்ராட், 247 அடியிலிருந்து வீசினார். தட்டு நேராகக் கூடைக்குள்! ஆட்டம் சமனாகி, கூடுதல் சுற்றில் பால் மெக்பெத்தை வென்றார். அந்த வீச்சைத் தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது.

பின்குழுவில் ஒருவர் இப்படி வீசியிருந்தால்? பெரும்பாலும் அங்கே கேமரா இருக்காது. எறிந்தது எறிந்ததுதான்; ஆனா வரலாற்றில் ஏறாது. படத்தில் விழாத உழைப்பையும் யாராவது எழுதி வைக்கணும்.