ஆற்றை ஓர் அறைக்குள் வைப்பது எப்படி?



சென்ற மாதம் ஒரு பையனும் ஒரு பெண்ணும் வீடு தேடி வந்தார்கள். சிறிய அருங்காட்சிக்கூடம் ஒன்றில் சங்கராபரணி ஆற்றுக்காக ஓர் அறை அமைக்கிறார்களாம். எதையும் கண்ணாடிக்குள் பூட்டி வைக்காமல், வருகிறவர்கள் தொட்டும் திறந்தும் பார்க்கும்படி இருக்க வேண்டுமாம். பழைய பிரெஞ்சு வரைபடங்களைப் படித்துச் சொல்ல ஆள் தேடியதில் யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

வரைபடத்தை விரித்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. பள்ளியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். செய்ன், லுவார், கரோன், ரோன் என்று நான்கு நதிகளையும் ஒரே மூச்சில் ஒப்பிப்போம். லுவார் எந்த மலையில் பிறக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எங்கள் பாட்டி வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் ஓடிய ஆறு எங்கே பிறக்கிறது என்று எந்த மிசேவும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. செஞ்சிக்கு மேற்கே பாக்கமலையில் என்பது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. வராக நதி, செஞ்சியாறு என்றும் அதற்குப் பெயர் உண்டு. கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை சுண்ணாம்பாறு, மற்றொன்று அரியாங்குப்பத்து ஆறு.

எனவே முதல் யோசனையாக இதைச் சொன்னேன்: அறை வாசலில் பெரிய மர வரைபடம் வையுங்கள். பாக்கமலையில் ஒரு கோலிக்குண்டை விட்டால் அது செஞ்சி, வீடூர் அணை, திருவக்கரை, வில்லியனூர் வழியாக உருண்டு கடலில் விழட்டும். நம் பிள்ளைகளாவது அந்த வழியைக் கையால் படிக்கட்டும்.

இரண்டாவது, திருவக்கரை. அங்கே கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை என்கிறார்கள். சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் 1781-லேயே அவற்றைப் பற்றிப் பதிவு செய்தார். இப்போது அது பாதுகாக்கப்பட்ட இடம், துண்டு கூட எடுத்துவர முடியாது. அச்செடுத்து மாதிரி செய்து வைத்தால், குழந்தைகள் மரப்பட்டையின் வரிகளைத் தடவிப் பார்க்கலாம்.

மூன்றாவது, அரிக்கமேடு. இதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும். லெ ழான்த்தி என்ற வானியலாளர், வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்து மாதக்கணக்கில் காத்திருந்தார். 1769 ஜூனில் அந்த நாள் வந்தது. பார்த்து மேகம் மூடிவிட்டது. ஆனால் வானத்தில் தவறவிட்டவர் தரையில் ஒன்றைக் கண்டுகொண்டார். வீராம்பட்டினத்துக்கு அருகே ஆற்றங்கரையில் ஜனங்கள் பழைய பெரிய செங்கற்களைத் தோண்டி எடுப்பதை எழுதி வைத்தார். பிறகு வெகுகாலம் யாரும் கவனிக்கவில்லை. 1937 வாக்கில் இங்கே பேராசிரியராக இருந்த ழூவோ துப்ரேய் அந்த இடத்தின் அருமையைச் சொன்னார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். ரோமானிய நாட்டுப் பளபளப்பான சிவப்புத் தட்டுகளும் இரண்டு கைப்பிடி வைத்த ஜாடிகளும் கிடைத்தன. கிரேக்க நூல் சொல்லும் பொதுகே துறைமுகம் இதுதான் என்பது அறிஞர் பலரின் கருத்து.

அந்த ஜாடிகளில் திராட்சை மதுவும், ஒலிவ எண்ணெயும், உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன் சாறும் வந்தன. ஜாடி மாதிரிகளுக்கு மூடி போட்டு, திறந்தால் அந்தந்த வாசனை வரும்படி செய்யுங்கள் என்றேன். அந்தப் பெண் மூக்கைச் சுளித்தாள். “வீராம்பட்டினத்துப் பிள்ளைகள் சுளிக்க மாட்டாங்க, நம்ம வீட்டு வாசனைதான்னு சொல்லுவாங்க” என்றேன்.

இதுவரை எல்லாம் சுமுகமாகப் போனது. கடைசி மேசைக்கு என்ன வைப்பது என்பதில்தான் பேச்சு நின்றது. அவர்கள் ஒரு தொடுதிரை வைக்க நினைத்திருந்தார்கள். நான் மணல் வையுங்கள் என்றேன்.

சித்திரை வெயிலில் ஆறு வற்றிக் கிடக்கும்போது பாட்டி கொட்டாங்குச்சியால் மணலில் முழங்கை ஆழம் தோண்டுவாள். ஊற்றுத் தண்ணீர் மெல்லச் சுரக்கும். துணி போட்டு வடிகட்டிக் குடத்தில் ஊற்றுவாள். இளநீர் போல் இருக்கும். மணல்தான் ஆற்றின் தண்ணீர்த்தொட்டி. அது மழைக்காலத்து வெள்ளத்தைப் பிடித்து வைத்து, சுற்றியுள்ள கிணறுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். மணலை அள்ளிவிட்டால் வெள்ளம் நேரே கடலுக்கு ஓடிவிடும். படுகை தாழ்ந்த இடங்களில் கடல் உப்பு உள்ளே ஏறும்.

இது எனக்குப் படித்து வந்த அறிவு அல்ல. எழுத்தராக இருந்த நாளில், ஆற்றோர ஊரிலிருந்து ஒரு மனு என் மேசைக்கு வந்தது. மணல் வண்டிகள் நிற்கவில்லை, கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது என்று பதினைந்து இருபது பேர் கைநாட்டு வைத்திருந்தார்கள். பதிவேட்டில் ஏற்றி, எண் கொடுத்து, கோப்பில் சேர்த்தேன். அதற்குமேல் அதை மேலே அனுப்பும்படி நினைவூட்டுக் குறிப்பு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. யாரும் கேட்கவுமில்லை. என் வேலை விதிப்படி முடிந்திருந்தது. அந்த ஊரும் என் பாட்டி ஊருக்கு அடுத்த ஊர்தான்.

இதை அந்த இருவரிடமும் சொன்னேன். பிறகு மேசையின் அமைப்பைச் சொன்னேன். ஒரு நீளத் தொட்டியில் மணல், அதன் ஓரத்தில் ஒரு சின்னக் கிணறு. வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு கரண்டி மணல் அள்ளிக்கொள்ளலாம், பிறகு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கிணற்றில் எவ்வளவு ஊறுகிறது என்று பார்க்க வேண்டும். மணலை இரவு பூட்டும்போதுதான் திரும்ப நிரப்ப வேண்டும்.

“அப்போ சாயங்காலம் வர்ற பிள்ளைங்களுக்குக் கிணத்துல ஒண்ணுமே ஊறாதே அய்யா?” என்றாள் அந்தப் பெண்.

“அதத்தாம்மா காட்டணும்” என்றேன்.

போன வாரம் வெள்ளோட்டம் பார்த்தார்கள். காலையில் வந்த பிள்ளைகள் ஆனந்தமாக அள்ளினார்கள். மாலை நான்கு மணிக்கு ஒரு சிறுவன் குவளையைக் கவிழ்த்துவிட்டு வெறுங்கிணற்றைப் பார்த்து, “யாரு எடுத்தது?” என்று என்னைத்தான் கேட்டான். அங்கே நின்றிருந்த பெரியவன் நான் ஒருவன்தான்.

அன்பர்களே, ஆற்றோர ஊர்க்காரர்கள் உங்களில் பலர் உண்டு. உங்கள் சிறுவயதில் எந்தத் துறையில் ஊற்று தோண்டினீர்கள், எத்தனை முழத்தில் தண்ணீர் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். அந்த மர வரைபடத்தில் ஒவ்வோர் ஊற்றுக்கும் ஒரு புள்ளி வைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நம் தலைமுறை போய்விட்டால் அந்த இடங்களைக் காட்ட ஆள் இருக்காது. இந்த முறை வருகிற கடிதங்களை நான் கோப்பில் வைக்க மாட்டேன்.