முடிவு ஆண்டு இல்லாத படங்கள்: கித்லாத் தஹிமிக்கும் ஜேம்சனின் வாசிப்பும்

பிலிப்பைன்ஸின் சுயாதீனத் திரைப்பட இயக்குநர் கித்லாத் தஹிமிக்கைப் பற்றி எழுதப் புகும் எவரும் ஃபிரெட்ரிக் ஜேம்சனை எதிர்கொண்டே ஆகவேண்டும். 1992இல் வெளிவந்த ‘தி ஜியோபொலிட்டிகல் ஈஸ்தெடிக்’ நூலின் இறுதி இயலை ஜேம்சன் தஹிமிக்கின் முதல் படத்துக்கு ஒதுக்கினார். அப்படம் ‘மபபாங்கோங் பங்குங்கோத்’. நறுமணக் கொடுங்கனவு எனலாம். 1977இல் பெர்லின் விழாவில் சர்வதேசத் திரை விமர்சகர்களின் பரிசைப் பெற்ற அப்படத்தை உலகக் கோட்பாட்டு வாசகர்களிடம் கொண்டு சேர்த்தவர் ஜேம்சன்தான். அந்தக் கடனை மறுப்பதற்கில்லை. ஆனால் அவருடைய வாசிப்பு ஒரு கலைஞனின் நெடிய பயணத்தை அதன் முதல் நிறுத்தத்திலேயே இறக்கிவிட்டது என்பதே என் கருத்து.

ஜேம்சனின் வாதம் இரண்டு தூண்களின் மேல் நிற்கிறது. முதலாவது, படத்தின் ‘வெகுளிக் கலை’ பாணி. வீட்டில் எடுத்த படம்போலத் தோன்றும் காட்சிகளும், பின்னால் சேர்த்த குரலும், ஒட்டுப்போட்ட தொகுப்பும் ஹாலிவுட்டின் வழவழப்பிலிருந்தும் நவீனத்துவ மேதைகளின் கனத்திலிருந்தும் படத்தை ஒருசேர விடுவிக்கின்றன என்கிறார். இரண்டாவது, ஜீப்னி பட்டறை. அமெரிக்க ராணுவம் விட்டுச்சென்ற ஜீப்புகளின் வழியில் பிறந்த அந்த வண்டிகளைத் தொழிலாளர்கள் கையால் தட்டி, வளைத்து, வண்ணம் பூசி உருவாக்கும் காட்சியில், பழைய கைவினையும் ஆகாத, தொடர் உற்பத்திச் சாலையும் ஆகாத மூன்றாவது உழைப்பு முறையின் சாயலை அவர் காண்கிறார். இயலின் நம்பிக்கை முழுவதும் அந்தப் பட்டறையில் குவிகிறது.

தஹிமிக் என்ற மனிதரை ஜேம்சன் வெகுளி என்று சொல்லவில்லை. அவர் பேசியது பாணியைப் பற்றி. ஆயினும் அந்தச் சொல் மனிதர்மேலும் ஒட்டிக்கொண்டது. திரைப்பட ஆய்வாளர் ஃபெலிசிடாட் லிம் 1995இலேயே ஜேம்சனோடு மோதினார். 2013இல் கிறிஸ்டஃபர் பாவ்செக் தஹிமிக்கை இயக்குநர்கள் கோதார், க்ளூகே ஆகியோருக்கு இணையாக வைத்து ஒரு நூலே எழுதினார். இருந்தும் பாலியான் கிராமத்து ஜீப்னி ஓட்டுநர் என்ற திரைப் பாத்திரத்தையும் அதைப் படைத்தவரையும் ஒன்றாகவே பார்க்கும் பழக்கம் தொடர்கிறது.

படைத்தவர் யார்? எரிக் டி கியா என்ற பெயரில் 1942இல் பாகியோவில் பிறந்தவர். அமெரிக்க ஆட்சி தன் அதிகாரிகளின் குளிர்ச்சிக்காக, டேனியல் பர்னமின் வரைபடத்தை வைத்து எழுப்பிய மலைநகரம் அது. அவருடைய தாயார் அந்நகரின் மேயராக இருந்தவர். மகன் வார்ட்டன் வணிகப் பள்ளியில் மேலாண்மைப் பட்டம் பெற்று, பாரிஸில் ஓஇசிடி அமைப்பில் பொருளாதார ஆய்வாளராகப் பணியாற்றினார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கை நம்பி நினைவுப் பொருள் விற்கப்போய்க் கையைச் சுட்டுக்கொண்டார். அங்கேயே கலைஞர்களோடு தங்கிப்போனார். 1974இல் வெர்னர் ஹெர்சாகின் காஸ்பர் ஹௌஸர் படத்தில் சிறு வேடமும் ஏற்றார். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியில் மயங்கி, ராக்கெட் பொறியாளர் வெர்னர் ஃபான் பிரௌனின் ரசிகர் மன்றத் தலைவனாகத் திரியும் கிராமத்து இளைஞனை எழுதியவர், அந்த மயக்கத்தின் தலைமையகத்துக்கே போய்ச் சம்பளம் வாங்கித் திரும்பியவர். வெகுளித்தனம் இங்கே கணக்குத் தெரிந்த ஒருவர் கட்டி எழுப்பிய பாத்திரம்.

இந்தக் கணக்கு உணர்வுக்கு வலுவான சான்று, ஜேம்சன் தன் வாதத்தின் மையத்தில் வைக்காத ‘டுரும்பா’ (1981). லகுனா மாகாணத்துப் பகில் ஊரில், மாதா திருவிழாவுக்குக் காகிதக்கூழ் பொம்மை செய்து விற்கும் ஒரு குடும்பம். ஜெர்மானிய வியாபாரி ஒருத்தி வந்து பொம்மைகளை மொத்தமாக வாங்குகிறாள். பிறகு மியூனிக் ஒலிம்பிக்கின் சின்னமான வால்டி நாய்க்குட்டிக்குப் பெரிய ஆர்டர் வருகிறது. திருவிழாவை ஒட்டி ஓடிய வீட்டின் காலம், சரக்கை ஒப்படைக்கும் தேதியை ஒட்டி ஓடத் தொடங்குகிறது. வீடு பட்டறையாகிறது, உறவினர்கள் கூலியாட்களாகிறார்கள். திருவிழாவில் பாடகராக நிற்கவேண்டிய குடும்பத் தலைவருக்குத் திருவிழாவுக்கே நேரமில்லாமல் போகிறது.

ஜேம்சன் கொண்டாடிய பட்டறையை இந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கைத்திறனும், கழிவிலிருந்து பொருள் படைக்கும் சாமர்த்தியமும், கூட்டு உழைப்பும் இரண்டிலும் உண்டு. ‘டுரும்பா’வில் கூடுதலாக இருப்பது கொள்முதல் ஆணை ஒன்றுதான். அது வந்ததும் உழைப்பின் இனிமை எப்படிச் சிதைகிறது என்பதை அடியடியாகக் காட்டுகிறார் தஹிமிக். ஜீப்னி பட்டறையும் சந்தைக்கு வெளியே நின்றதில்லை. உடலைக் கையால் செய்தாலும், வண்டியை ஓட்டும் டீசல் எஞ்சின்கள் ஜப்பானிலிருந்து வந்த பழைய சரக்காகவே பெரும்பாலும் இருந்தன. தன் பட்டறைக் காட்சிக்குத் திருத்தமாகவே தஹிமிக் ‘டுரும்பா’வை எடுத்தார் என்பதற்கு நேர்ச்சான்று இல்லை. ஆனால் ஓஇசிடியில் வளரும் நாடுகளின் பொருளாதாரத்தைப் படித்தவர், மியூனிக்கில் அதே ஒலிம்பிக்கில் தோற்ற வியாபாரி, இந்தக் கதையைத் தற்செயலாகத் தேர்ந்தார் என்று நம்புவதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது. முதல் படத்தில் நம்பிக்கையாகத் தெரிவதை ‘டுரும்பா’ சோதிக்கிறது. அந்தச் சோதனையைச் சேர்க்காத வாசிப்பு பாதி வாசிப்பு.

இனி என்னை நெடுநேரம் நிறுத்திய ஒரு தலைப்பு. 2015 பெர்லின் ஃபோரம் பிரிவில் கலிகாரி பரிசு பெற்ற படத்தின் பெயர் ‘பாலிக்பாயான் 1: மெமரிஸ் ஆஃப் ஓவர்டெவலப்மென்ட் ரிடக்ஸ் 3’. கியூபாவின் குதியெரஸ் அலேயா 1968இல் எடுத்த படத்தின் பெயரைத் திருப்பிப்போட்ட கேலி வெளிப்படை. நான் நின்றது எண்களில். முன்னால் ஒன்று, பின்னால் மூன்று. முதல் எண் ஒரு வரிசை தொடங்குகிறது என்கிறது. இரண்டாம் எண் இது ஏற்கெனவே திருத்தி எழுதப்பட்டது என்கிறது. பாண்டியர் கல்வெட்டுகளில் ஓர் ஆட்சியாண்டுக்கு ‘எதிர்’ என இன்னோர் ஆண்டு வரும்போது கல்வெட்டாய்வாளர்கள் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இந்தத் தலைப்பின் சிக்கல் புரியும். எந்த எண்ணைக்கொண்டு காலத்தைக் கணிப்பது?

படப்பிடிப்பு 1980ஐ ஒட்டித் தொடங்கியது. எண்பதுகளில் அரைமணி நேர அளவிலான ஒரு வடிவம் வெளியே தெரிந்தது. பிறகு மகன்களை வளர்க்கும் ஆண்டுகள் குறுக்கே வந்தன. 2015 வடிவம் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். அதன் பின்னும் ரிடக்ஸ் எண் ஏறிக்கொண்டே போனது. ‘ஒய் இஸ் யெல்லோ த மிடில் ஆஃப் ரெயின்போ?’ படமும் இப்படித்தான்: எண்பதுகளின் தொடக்கத்தில் மகனோடு பேசும் நாட்குறிப்பாகத் தொடங்கி, அக்கினோ படுகொலை, 1986 மக்கள் எழுச்சி, 1990 பாகியோ நிலநடுக்கம் என நாட்டோடு நீண்டு, வெவ்வேறு வடிவங்களிலும் பெயர்களிலும் காட்டப்பட்டு, தொண்ணூறுகளில்தான் ஒருவாறு நின்றது. பெட்ரோலைக் குவளை குவளையாக ஊற்றி ஓட்டும் வண்டியைப் போன்றது தன் படத் தொழில் என்று தஹிமிக்கே சொல்வதுண்டு. இதை வறுமையின் புலம்பலாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தொட்டியை நிரப்பித் தருபவருக்கு ஒப்படைப்புத் தேதி சொல்லவேண்டும். ‘டுரும்பா’ குடும்பத்தை விழுங்கியது அந்தத் தேதிதான்.

‘பாலிக்பாயான்’ படத்தின் நாயகன் மெகல்லனின் அடிமை என்ரிக்கே. 1511 போர்ச்சுக்கீசியப் படையெடுப்பையொட்டி மலாக்காவில் மெகல்லனிடம் வந்தவர். 1519 ஆகஸ்டில் மெகல்லன் எழுதிய உயில் அவரை மலாக்காவைச் சேர்ந்தவர், சுமார் 26 வயதினர் என்று சொல்லி, தன் சாவுக்குப் பின் விடுதலை அளிக்கிறது. உடன் பயணித்த பிகாஃபெத்தாவோ சுமத்ராவைச் சேர்ந்தவர் என்கிறார். 1521இல் பிலிப்பைன்ஸ் தீவுகளில் அவர் பேச்சு புரிந்தது என்ற குறிப்பை வைத்து அவர் சிபூக்காரர்தான், ஆகவே உலகை முதலில் சுற்றி வந்தவரும் அவரே என்று வாதிட்டோர் உண்டு. மலாய் அன்று துறைமுகங்களின் பொதுமொழி. அந்தப் புரிதல் ஒருவரின் பிறந்த ஊரை நிறுவாது. தஹிமிக் இன்னும் ஒருபடி மேலே போய், என்ரிக்கேயை இஃபுகாவோ மலையோடு இணைக்கிறார். இதற்கு ஆவண ஆதரவு எதுவும் இல்லை. வரலாறாக ஏற்க முடியாது. 1521 மே மாதம் சிபூவில் நடந்த விருந்துப் படுகொலைக்குப் பின் என்ரிக்கே ஆவணங்களிலிருந்து மறைகிறார். அந்த மறைவுக்குள்தான் படம் நுழைகிறது. எண்பதுகளில் நாற்பதை நெருங்கிய தஹிமிக் என்ரிக்கேயாக நடித்தார். எழுபதைக் கடந்தவராகவும் அவரே திரும்பி வருகிறார். ஒப்பனை செய்யாத முதுமை அது. குறித்த காலத்தில் முடிந்திருந்தால் இப்படத்துக்கு இந்த உடல் கிடைத்திருக்காது.

2018இல் பிலிப்பைன்ஸ் அரசு தஹிமிக்கைத் தேசியக் கலைஞராக அறிவித்தது. மெகல்லன் வருகையின் ஐந்நூறாவது ஆண்டான 2021இல் மாட்ரிட்டின் கண்ணாடி மாளிகையில் அதே அடிமையின், அதே வெற்றியாளர்களின் கதையைச் சிற்பக் கூட்டங்களாக நிறுத்தினார். அதை அப்படத்தின் இன்னொரு வடிவமாகக் கொள்வதா, தனிப் படைப்பாகவா என்பதை என்னால் தீர்க்க முடியவில்லை. விருதுக் குறிப்புகள் 2015 என்று எழுதுகின்றன. அது பரிசின் ஆண்டு. படத்துக்கு உரிய குறிப்பு ‘1980 முதல்’ என்பதுதான். அதற்குமேல் ஓர் ஆண்டைச் சேர்க்கும் உரிமையைத் தலைப்பில் உள்ள எண்கள் பட்டியல்காரர்களுக்குத் தரவில்லை.