இரத்தத்தை நிறுத்திய ரப்பர்க் கட்டு

நாம் சீவும் பால்மரத்தின் ரப்பர், வண்டிச் சக்கரமாகவும் காலணியாகவும் ஆவதை அறிவோம். அதே ரப்பர் அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் உயிர் காத்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

முற்காலத்தில் காலில் கத்தி பட்டதும் இரத்தம் பெருகி, மருத்துவரின் கண்ணை மறைத்துவிடும். இரத்தம் இழந்தே நோயாளி மடிவதும் உண்டு. 1718ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் ழான் லூயி பெத்தி, திருகாணியால் இறுக்கும் கட்டு ஒன்றை அமைத்தார். அது மேலிருந்து வரும் இரத்தத்தைத் தடுத்தது. ஆனால், காலிலேயே தங்கிய இரத்தம் வீணாயிற்று.

இதற்கு வழி கண்டவர் ஜெர்மனியின் கீல் நகர மருத்துவர் பிரெடரிக் எஸ்மார்க். 1870ஆம் ஆண்டுப் போரில் படை மருத்துவராகப் பணியாற்றியவர் அவர். 1873ஆம் ஆண்டில் தம் முறையை வெளியிட்டார். விரல் நுனியிலிருந்து மேல்நோக்கி ரப்பர்ப் பட்டையை இறுக்கிச் சுற்றினால், இரத்தம் உடலுக்குள் திரும்பிவிடும். பிறகு மேலே ஒரு ரப்பர்க் குழாயைக் கட்டிவிட்டு, பட்டையை அவிழ்ப்பார். சீழ் பிடித்த காலில் மட்டும் இப்படிச் சுற்றக்கூடாது, சீழும் மேலேறிவிடும்.

அன்று மலாயாவில் ரப்பர்த் தோட்டம் கிடையாது. காட்டு மரங்களின் பாலே பயன்பட்டது. சிங்கப்பூருக்கு 22 ரப்பர்க் கன்றுகள் வந்தது 1877ஆம் ஆண்டில்தான்.

இக்கட்டில் ஓர் ஆபத்தும் இருந்தது. எவ்வளவு இறுகியது என்பது கைக்குத் தெரியாது. அளவு மீறினால் நரம்பு கெடும். நேரம் மீறினால் தசை கெடும். ஆகவே, 1904ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங், காற்றடைத்து அழுத்தத்தை அளக்கக்கூடிய கட்டை அறிமுகப்படுத்தினார். ஆயினும், இரத்தத்தை மேலேற்ற எஸ்மார்க்கின் பட்டை இன்றும் பயன்படுகிறது.

பட்டையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய காலத்தில், அதைப் பேணுவதே பெரிய வேலை. கழுவி, நிழலில் உலர்த்தி, மாவு தூவித் தளர்வாகச் சுருட்டி வைப்பார்கள். வெயிலும் எண்ணெயும் ரப்பரைக் கெடுக்கும் என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வெடிப்புக் கண்ட பட்டை பாதிச் சிகிச்சையில் அறுந்துவிடும். இன்று பெரும்பாலும் ஒரு முறை பயன்படுத்தியதும் எறிந்துவிடுகிறார்கள். ரப்பர்ப் பால் ஒவ்வாதவர்களுக்கு வேறு பொருளில் செய்த பட்டையும் உண்டு.

எஸ்மார்க் 1882ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கு முதலுதவி வகுப்புகளைத் தொடங்கினார். கத்தியோடு பழகும் நமக்கும் அந்தப் பாடம் தேவை. வெட்டுப்பட்டால், பயிற்சியின்றி ரப்பரால் இறுக்க முனையாதீர்கள். தூய துணியைக் காயத்தில் வைத்து விடாமல் அழுத்தியபடி, மருத்துவமனைக்கு விரையுங்கள். கட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, நேயர்களே. எப்போது அவிழ்ப்பது என்றும் தெரிந்திருக்கவேண்டும்.