வீட்டுக்குள் வளரும் பூனைக்குட்டி: பழக்கும் முறையும் தேவையான சாமான்களும்

தோட்டத்து லயங்களில் பூனை வளர்ப்பது தனி வேலையாக இருந்ததில்லை. அது கூரையில் ஏறிப் படுக்கும், மண்ணைத் தோண்டி மலம் கழித்து மூடும், ரப்பர் மரத்துப் பட்டையில் நகத்தைத் தீட்டும், இரவில் எலி பிடிக்கும். வீட்டார் கொடுத்ததெல்லாம் மீந்த சோறும் கருவாட்டுத் தலையும்தான்.

குடும்பங்கள் தோட்டத்தை விட்டுப் பத்துமலை, செந்தூல், கிள்ளான் எனப் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கும் தாமான் வீடுகளுக்கும் குடிவந்தபின், பூனையும் கதவுக்குள் வந்துவிட்டது. அதன் குணம் மாறவில்லை. அதற்கு வேண்டிய மண்ணும் மரமும் கூரையும் மட்டும் இல்லாமல் போயின. அந்த மூன்றுக்கும் வீட்டுக்குள்ளேயே மாற்று கொடுத்துவிட்டால் குட்டியைப் பழக்குவது எளிது. கொடுக்காவிட்டால் சோபா கிழியும், மெத்தை நாறும். கடைசியில் அந்தக் குட்டி சந்தையோரத்தில் விடப்படும்.

எந்த வயதில் எடுப்பது?

பிறந்த 2 முதல் 7 வாரங்களில்தான் பூனைக்குட்டி மனிதர்களிடம் அச்சமின்றிப் பழகக் கற்றுக்கொள்கிறது. அந்த வயதில் தினமும் கையில் தூக்கிப் பழக்கிய குட்டி பிறகு மிரளாது. ஆனால் 8 வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. 12 வாரம் வரை தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருந்தால் இன்னும் நல்லது. எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதை அது அங்குதான் கற்கிறது.

புது வீட்டுக்கு வந்ததும் முழு வீட்டையும் திறந்துவிட வேண்டாம். முதல் சில நாள் ஓர் அறை போதும். தண்ணீர், உணவு, மணல் தட்டு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி ஆகியவை அங்கே இருக்கட்டும்.

மண்ணுக்குப் பதில் மணல் தட்டு

சாப்பிட்டவுடனும் தூங்கி எழுந்தவுடனும் குட்டியை மணல் தட்டில் விட வேண்டும். பெரும்பாலான குட்டிகள் சில நாளில் தாமே பழகிவிடும். குட்டி ஏறி இறங்க, தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்க வேண்டும். வளர்ந்த பூனைக்கு உடல் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளமுள்ள தட்டு தேவை. ஒரு பூனைக்கு ஒரு தட்டு, அதற்கு மேல் கூடுதலாக ஒன்று என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. உணவுக்குப் பக்கத்தில் தட்டை வைத்தால் பூனை அதைப் பயன்படுத்தத் தயங்கும்.

தட்டைத் தினமும் சுத்தம் செய்வதில் வீட்டாரின் நலனும் இருக்கிறது. பூனை மலத்தின் வழி பரவும் டோக்சோபிளாஸ்மா கிருமி, தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் 5 நாள் ஆகும். அதற்குள் அள்ளி அப்புறப்படுத்திவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும். பிறகு பிள்ளை பிறக்கப்போகிறது என்பதற்காகப் பூனையை வெளியேற்ற வேண்டியதில்லை.

தவறிய இடத்தில் குட்டியின் மூக்கைத் தேய்ப்பதாலும் அடிப்பதாலும் அது ஒன்றையும் கற்காது. ஆளைக் கண்டு பயந்து, மறைவில் போய்க் கழிக்கவே பழகும். தண்ணீரில் ஊற்றினால் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினிகள் பல பூனைக்கு நஞ்சு என்பதால் அவற்றால் தட்டைக் கழுவ வேண்டாம். சோப்பும் சுடுநீரும் போதும்.

மரத்துக்குப் பதில் தூண்

பூனை பிராண்டுவது குறும்பு அல்ல. நகத்தின் பழைய உறை கழல்வதற்கும், உடலை நீட்டி முறிப்பதற்கும், பாதத்திலுள்ள வாசனையை விட்டு இது தன் இடம் என்று குறிப்பதற்கும் அது பிராண்டுகிறது. தடுக்க முடியாது, இடத்தை மாற்றிக் கொடுக்கலாம்.

தூண் ஆடக் கூடாது. வளர்ந்த பூனை எட்டி நிமிர்ந்து நிற்க ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். கனமான பலகையில் கட்டை ஒன்றை நிறுத்தி, தேங்காய்நார்க் கயிறோ சிசல் கயிறோ நெருக்கமாகச் சுற்றினால் வீட்டிலேயே செய்துவிடலாம். அதை மூலையில் மறைத்து வைத்தால் பயனில்லை. பூனை ஏற்கெனவே பிராண்டும் சோபாவுக்குப் பக்கத்திலும், அது தூங்கி எழும் இடத்திலும் நிறுத்த வேண்டும். தூணைத் தொட்ட உடனே ஒரு துண்டு கோழி இறைச்சி கொடுத்தால் பழக்கம் விரைவில் பிடிபடும்.

கூரைக்குப் பதில் மேலடுக்கு

பூனைக்கு உயரம் என்பது பாதுகாப்பு. வரவேற்பறையில் மிக உயரமான இடம் சாமி மேடைதான் என்றால் அது அங்கேதான் ஏறும். எரியும் விளக்கருகே வாலை ஆட்டும் பூனையை விரட்டிக்கொண்டே இருப்பதைவிட, ஜன்னலருகே சுவரில் உறுதியான பலகைகளைப் படிப்படியாகப் பொருத்துவது மேல். விளக்கு எரியும்போது பூஜையறைக் கதவைச் சாத்தி வைப்பதும் அவசியம்.

கை விளையாட்டுப் பொருள் அல்ல

குட்டியாக இருக்கும்போது விரலைக் கடிக்கவிட்டுச் சிரித்தால், வளர்ந்தபின் குழந்தைகளின் கையில் இரத்தம் வரும். கடித்தவுடன் விளையாட்டை நிறுத்தி எழுந்து போய்விட வேண்டும். இறகு கட்டிய குச்சியால் நாளுக்கு இரண்டு முறை, 10 நிமிடம் ஓடவிட்டு, அதன்பின் உணவு கொடுத்தால் இரவில் தூங்கும்.

வீட்டிலுள்ள ஆபத்துகள்

குரங்குத் தொல்லைக்காகப் பத்துமலை வட்டாரத்தில் பல வீடுகளில் ஜன்னல் கம்பி உண்டு. அந்த இடைவெளியில் குரங்கு நுழையாது. ஆனால் குட்டியின் தலை நுழைந்தால் உடலும் நுழைந்துவிடும். மாடி வீடுகளில் கம்பியோடு வலையும் கட்ட வேண்டும்.

பூச்சரத்து நூல், தையல் நூல், ரப்பர் பேண்டு ஆகியவற்றை விழுங்கினால் குடல் சுருண்டு அறுபடலாம். வாயிலோ பின்புறமோ நூல் தொங்கினால் இழுக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பாச்சை உருண்டை, சூடம், வெங்காயம், பூண்டு ஆகியவை நஞ்சு. பாரசிட்டமால் ஒரே மாத்திரைகூட பூனையைக் கொல்லும். நாய்க்குப் போடும் பெர்மித்ரின் கலந்த உண்ணி மருந்தும் அப்படியே.

கருத்தடையும் சட்டமும்

பெண் பூனை 4 மாதத்திலேயே சினைப்படலாம். சுமார் 9 வாரத்தில் குட்டி போடும். ஆகவே 5 மாதத்துக்குள் கருத்தடை செய்துவிடுவது நல்லது. ஆண் பூனை வீட்டில் சிறுநீர் பீய்ச்சுவதும் இதனால் பெரிதும் குறையும்.

மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்தின்படி, விலங்கின் தேவைகளைக் கவனிப்பது உரிமையாளரின் கடமை. கொடுமை இழைத்தால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

நன்றாகப் பழகிய பூனை திடீரென்று தட்டுக்கு வெளியே கழித்தால், அது பிடிவாதம் அல்ல, நோயாக இருக்கலாம். குறிப்பாக, ஆண் பூனை அடிக்கடி தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. சிறுநீர்ப்பாதை அடைபட்ட பூனை ஓரிரு நாளில் இறந்துவிடும்; அன்றே மருத்துவரிடம் சேர்த்தால் பிழைக்க வாய்ப்புண்டு.