தங்கவயல் தொடர்: தரைக்குக் கீழே வெடித்த பாறை

சென்ற வாரம் கோலார் தங்கவயலில் கோரமண்டல், மாரிக்குப்பம் பகுதிச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளைப் பார்த்தோம். சுரங்கம் ஓடிய காலத்தில் அந்த வீடுகள் சில நேரம் திடீரென்று குலுங்கும், சுவரில் விரிசல் விழும். ஷிஃப்டுக்குப் போனவர் என்ன ஆனாரோ என்று வீட்டுப் பெண்கள் பதறுவார்கள். அதற்குக் காரணம் தரைக்குக் கீழே நடந்த பாறைவெடிப்பு.

தாதுவை வெட்டி எடுக்க எடுக்க, மேலே இருக்கும் மலையளவு சுமை மிச்சப் பாறைமேல் ஏறுகிறது. தாங்கும்வரை தாங்கிவிட்டு, ஒரே நொடியில் அது சிதறும். தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கமோ 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. மரத்தால் முட்டுக் கொடுத்தார்கள், கருங்கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள், பிறகு கான்கிரீட்டுக்கு வந்தார்கள். வெடிப்பு நின்றபாடில்லை.

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்கங்களிலும் இதே கதை. 1908-ல் அங்கே ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். 1910-ல் ஜெர்மானிய அறிஞர் எமில் வீஹெர்ட் வடிவமைத்த நிலநடுக்கமானி அந்நகருக்குப் போனது. 1912-ல் அதே வகைக் கருவி தங்கவயலுக்கும் வந்தது! கரி படிந்த காகிதம் மெல்லச் சுழல, ஊசி அதில் கோடு கீறிக்கொண்டே இருக்கும். கீழே பாறை வெடித்தால் கோடு துள்ளும். எப்போது வெடித்தது என்று தெரிந்தது. எந்த இடத்தில் என்பதை ஒற்றைக் கருவியால் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை.

அதற்கு 1978 வரை ஆயிற்று. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு பல இடங்களில் அதிர்வை உணரும் ஜியோபோன்களைப் பதித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அதிர்வு வந்து சேரும் நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டு வெடித்த இடத்தைப் பிடித்தார்கள். இந்த வித்தை நம் அணுசக்தித் துறைக்குப் புதிதல்ல. பிரிட்டிஷ் அணுசக்தி அமைப்போடு சேர்ந்து 1965-லேயே கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் நிலநடுக்கக் கருவிகளை வரிசையாக நிறுவியிருந்தது.

1988-ல் மினியாபொலிஸில் கூடிய பாறைவெடிப்பு மாநாட்டில் தங்கவயல் அனுபவம் ஆய்வுக் கட்டுரையானது. அதே ஆண்டு தேசிய பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே பிறந்தது. நிலநடுக்கம் போன்ற இயற்கைப் பேரிடர்களைக் குறைப்பதற்கென 1990-களை ஐ.நா. முறைப்படி அறிவித்தது அதற்கு அடுத்த ஆண்டுதான். அரசுகள் கூடித் தீர்மானம் போடுவதற்கு வெகுகாலம் முன்பே, கருவியும் கணக்கும் கண்டம் விட்டுக் கண்டம் போய்க்கொண்டிருந்தன.

அந்த அறிவுக்கு உயிரை விலையாகக் கொடுத்தவர்களில் வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள் ஏராளம். கருவியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அவர்களை விட்டுவிட்டு எழுதுவது அநியாயம். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன. கீழே இறங்கியவர்கள் வயதாகிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் தாத்தாவோ அப்பாவோ அங்கே வேலை பார்த்திருந்தால், அவர்கள் கண்ட வெடிப்பை ஆண்டோடும் ஷாஃப்டின் பெயரோடும் கேட்டு எழுதி வையுங்கள்.