பார்ப்பது வேறு, காண்பது வேறு

சூரியகாந்தி வயல்கள் சூழ்ந்த சுந்தரபாண்டியபுரமானாலும் சென்னைப் பட்டணமானாலும், மலத்தோடு இரத்தம் போகிறது என்று ஒருவர் சொன்னால் நம் வாயில் முதலில் வருவது 'சூடு' என்ற சொல், அடுத்தது 'மூலம்'. மோரும் வெந்தயமும் கைவைத்தியமாக வந்து சேரும். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கலாம். அப்படி இல்லாதபோது நாம் இழப்பது காலத்தை. இந்தப் பிழை பாமரர்க்கு மட்டும் உரியதன்று என்பதற்குத் தமிழக மருத்துவ வரலாற்றிலேயே சான்று உண்டு.

1920களின் தொடக்கத்தில் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். அந்நோயை முதலில் சீதபேதி என்றே கருதி மருந்து கொடுத்திருந்தார்கள். மருத்துவரின் குடும்பத்திலேயே நேர்ந்த அந்த இழப்பு, முப்பதாண்டு முயற்சிக்குப் பின், 1954 ஜூனில் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் நிலையமாக உருப்பெற்றது.

அதே 1954இல்தான், லண்டனில் ஹாப்கின்ஸும் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும், வளையும் கண்ணாடி இழைக் கற்றையின் வழியே உருவத்தைக் கடத்தலாம் என்று ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். பெருங்குடலின் வளைவுகளுக்குள் புகுந்து பார்க்கும் கருவி அதன் வழித்தோன்றலே. 1969இல் நியூயார்க்கில் வுல்ஃபும் ஷின்யாவும், குடற்சுவரில் முளைத்த பாலிப்பை வயிற்றைத் திறக்காமலே அக்கருவியின் வழியாக அறுத்தெடுத்தனர். நோயைக் கண்டறிவதோடு நில்லாமல், புற்றாக மாறுமுன்பே முளையைக் கிள்ளும் வழியும் பிறந்தது.

ஆனால் கருவி காட்டும். காண வேண்டியவர் மனிதர். 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று 12 மருத்துவர்களை ஒப்பிட்டது. கருவியை வெளியே இழுக்கும்போது சராசரியாக 6 நிமிடமோ அதற்கு மேலோ செலவிட்டவர்கள் 100க்கு 28 பேரிடம் கட்டிகளைக் கண்டார்கள். அவசரப்பட்டவர்கள் ஏறத்தாழ 12 பேரிடம் மட்டுமே. முளைகளை அரிதாகக் கண்ட மருத்துவர்களிடம் சோதித்துக்கொண்டவர்களுக்கே, 'ஒன்றுமில்லை' என்று வீடு திரும்பிய பின்னர் புற்றுநோய் கூடுதலாக வந்தது என்பதை, 45,026 பேரைத் தொடர்ந்த போலந்து ஆய்வு 2010இல் நிறுவியது. மருத்துவர் ஒருவரின் கண்டறியும் விகிதம் ஒரு விழுக்காடு உயர, அவரிடம் சோதித்துக்கொண்டவர்க்கு நோய் வரும் வாய்ப்பு 3 விழுக்காடு குறைகிறது என்றது 2014இல் வந்த அமெரிக்க ஆய்வு.

நம் நாட்டின் அரசுத் திட்டம் முதன்மையாகத் தேடுவது வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுகளையே. ஆகவே இச்சோதனைக்கு நம்மில் பெரும்பாலோர் போவது இரத்தத்தைக் கண்ட பிறகுதான். குடல் முழுதும் சுத்தமாகியிருந்ததா, கருவி பெருங்குடலின் தொடக்கமான குடல்வால் பகுதிவரை சென்றதா, நிதானமாகப் பார்த்தார்களா என்று நாம் கேட்பது மருத்துவரை ஐயுறுவதாகாது. அந்தத் தங்கைக்கு இந்தக் கருவி கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருக்கிறது, அவசரமாகப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்னால், அன்றைய சீதபேதி மருந்துக்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை.